குட்டிமைனி தனியாக விட்ட குலவை

குட்டிமைனி!

நீங்கள் போன சேதி வந்தபோது நான் பீடிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கணக்கப்பிள்ளை என் கட்டுகளைப் பிரித்து, இது சரியில்லை அது சரியில்லை என்று கழித்துக்கொண்டிருந்தார். பாக்கியத்தக்கா காலில் செருப்பில்லாமல் தார்ரோட்டில் ஓடிவந்தார்.

"ஏட்டி மாரி, எல்லாத்தையும் போட்டுட்டு வா. ஆஸ்பத்திரியில இருந்து ஒங்க அண்ணன் போன் பண்ணிருக்காவ."

"எப்பிடி இருக்காவளாம்?"

"வாட்டி" என்றார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

எங்கள் பீடிச் சங்கத்துப் பெண்கள், மைனியைப் பற்றிப் பதினாறாம் நாள் வாசிக்க நாலு வார்த்தை எழுது என்று என்னிடம் கேட்டார்கள். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுதியதை என் மூத்த மகள் பார்த்துத் திருத்தித் தந்தாள். நல்லதை மட்டும் எழுது என்று சொல்லியிருக்கிறார்கள். மைனியிடம் நல்லதுதான் அதிகம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் எழுதியது எல்லாமே பொய்யாகிப் போகும்.

மைனியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர்கள் பெயர் வடிவம்மாள். என் சின்ன அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு, சாத்தான்குளத்துப் பக்கமிருந்து ஆழ்வார்குறிச்சிக்கு அருகே எங்கள் ஊருக்கு வந்தவர்கள். பெரிய அண்ணன் வீட்டில் ஒரு மைனி இருந்ததால் இவர்கள் குட்டிமைனி. ஆளும் குள்ளம். வந்த புதிதில் ஆற்றுக்குக் கூட்டிப்போனால் மத்தியானம் வரை கரையேற மாட்டார்கள். "எங்க ஊர்ல ரெண்டு கொடத்துக்கு நாலு தெரு நடக்கணும். இங்கன இவ்வளவு தண்ணி சும்மா போகுது, எனக்குப் பொறுக்கல" என்பார்கள்.

அந்த வருஷம் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில்தான் மைனியின் குலவையை ஊரே கேட்டது. மேளம் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டார்கள். சாமியாடிக்குச் சாமி வரவில்லை. அவர் பாவம், வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் மைனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு குலவை விட்டார்கள். எங்கள் குலவையெல்லாம் தொண்டையிலேயே நிற்கும். மைனியின் குலவை வயிற்றிலிருந்து வரும். இரண்டாவது குலவைக்கே சாமியாடி துள்ளிவிட்டார். மறுநாள் ஆற்றில் குளிக்கும்போது, "அவருக்கு வந்தது சாமியா, என் சத்தத்துல வந்த பயமா, யாருக்குட்டி தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் முங்கிச் சிரித்தார்கள்.

எங்கள் பக்கம் குலவை என்றால் மூன்று. ஒற்றையில் நிறுத்தக் கூடாது. இன்னொன்றும் உண்டு. ஒருத்தி தொடங்கினால் பக்கத்தில் இருக்கிற எல்லாரும் கூடவே எடுத்து விட வேண்டும். தொடங்கியவளைத் தனியே விட்டால் அது அவளுக்கு அவமானம். அதனால் மைனி விட்டால் அடுத்தது நான், அப்புறம் பாக்கியத்தக்கா, அப்புறம் கீழத்தெரு செல்லம்மா. யோசித்துச் செய்வதில்லை. காதில் விழுந்ததும் நாக்கு தானாக ஆடும்.

இன்னொரு கொடைக்குத் திருநெல்வேலியிலிருந்து தனராஜ் அண்ணாச்சி வந்திருந்தார். அம்மன் பாட்டு கேசட் போடுகிறவர். ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் அவருக்கு ஸ்டுடியோ உண்டு. மைனியின் குலவையைக் கேட்டுவிட்டு வீடு தேடி வந்தார். நாங்கள் நாலு பேரும் முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனோம்.

கண்ணாடி அறை. சுவரெல்லாம் முட்டை அட்டையும் கயிற்றுப் பாயும். நாலு பேருக்கும் நடுவில் ஒரு மைக். காதில் குழல் மாட்டியிருந்த அண்ணாச்சி எங்கள் கைகளைப் பார்த்தார்.

"வளையல் சத்தம் வருதும்மா. கழத்தி வச்சிருங்க."

மைனி எழுந்துவிட்டார்கள். "என்ன அண்ணாச்சி, புருசன் உசிரோட இருக்கையில வளையலக் கழத்திட்டுச் சாமிக்குக் குலவை விடச் சொல்லுதீய? நாங்க வந்த பஸ்ஸிலயே திரும்பிப் போறோம்."

"டேப்புல கிணுகிணுன்னு விழுமே, என்ன செய்ய?"

"துணி குடுங்க."

ஒரு பழைய வேட்டியைக் கிழித்து எட்டுத் துண்டு கொண்டுவந்தார். வளையலோடு சேர்த்து மணிக்கட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டோம். "கை ஒடிஞ்சவளுவ மாதிரி இருக்கோம்ட்டி" என்று பாக்கியத்தக்கா சொல்ல, சிரிப்பு அடங்கவே நேரமாகிவிட்டது. அப்புறம் ஒற்றைக் குலவை போதும் என்றார் அண்ணாச்சி. ஒற்றையில் நிறுத்த மாட்டோம் என்று மைனி சொல்லிவிட்டார்கள். பாட்டுக்காரர் அவ்வளவு நேரம் காத்திருந்து பாடும்படிதான் ஆயிற்று. அதிலிருந்து எந்தக் கேசட்டுக்குக் கூப்பிட்டாலும் நாங்கள் போவதற்கு முன்பே துணித்துண்டுகள் ஆணியில் தொங்கும்.

ஒரு தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போனோம். வேஷம் கட்டியவர்கள் கூட்டம் ஒரு பக்கம், கேசட் கடைகள் ஒரு பக்கம். ஒரு கடையில் எங்கள் கேசட் ஓடியது. குலவை வந்ததும் மைனி நின்றுவிட்டார்கள்.

"தம்பி, இது நாங்கதான்."

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லா அம்மாவும் இப்பிடித்தான் சொல்லுதாவ. வேணும்னா எடுங்க, வேண்டாம்னா வழிய விடுங்க."

மைனி முந்தானையை இழுத்துச் செருகினார்கள். அந்தத் தெருவிலேயே நின்று ஒரு குலவை விட்டார்கள். நாங்கள் எடுத்து விட்டோம். எங்களைத் தெரியாத பெண்களும் எடுத்து விட்டார்கள். அது கடை கடையாகத் தாண்டிக் கோயில் வாசல் வரை போயிற்று. கடைக்காரர் டேப்பை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். மைனி திரும்பிக்கூடப் பார்க்காமல், "வாங்கட்டி, காப்பி குடிப்போம்" என்று நடந்தார்கள். அந்த நடையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. கூடவே கண்ணும் நிறைகிறது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஸ்டுடியோ மாறியது. பெரிய டேப் மிஷின் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்தது. புதிதாக ஒரு கீபோர்டும் வந்தது. அண்ணாச்சி ஒரு கட்டையை அமுக்கினார், பம்பை அடித்தது. இன்னொன்றை அமுக்கினார், நாதஸ்வரம். பம்பைக்காரர் வழக்கமாக உட்காரும் மூலையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. கேசட் அட்டையிலும் 'டிஜிட்டல்' என்று கொட்டை எழுத்தில் போட ஆரம்பித்தார்கள்.

"அப்பிடின்னா என்ன அண்ணாச்சி?" என்று மைனி கேட்டார்கள்.

"டேப்பு ஓட ஓடத் தேயும்லா. இது தேயாது. ஆயிரம் தடவ போட்டாலும் மொதல்ல கேட்ட மாதிரியே கேக்கும்."

மைனி அந்தப் பெட்டியை உற்றுப் பார்த்தார்கள். "தேயாம ஒரு சாமான் இருக்குமா? நம்ப முடியலியே" என்றார்கள். எனக்கும் அதைப் பார்த்ததிலிருந்தே பிடிக்கவில்லை. அடிக்கிறவன் இல்லாமல் பம்பை அடிக்கிறது என்றால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதற்கப்புறம் ஒரே ஒரு தரம் கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடவே இல்லை. பாக்கியத்தக்கா போன் பண்ணிக் கேட்டதற்கு, "இப்ப வேற ஏற்பாடு ஆயிட்டும்மா" என்றார் அண்ணாச்சி. வெளியூரிலிருந்து வேறு பெண்களைப் பிடித்துவிட்டார் என்று நினைத்தோம். சில்லறைக் காசுதானே என்று சிலர் சொல்வார்கள். பீடி இலையிலிருந்து எழுந்து, தலை பின்னி, பூ வைத்து, பஸ் ஏறி, "பாட வந்திருக்காவ" என்று ஒருவர் நாற்காலி போடுகிற இடத்துக்குப் போவது எங்களுக்கு என்ன என்பது அவர்களுக்குத் தெரியாது. பாக்கியத்தக்காவுக்கு வாழ்க்கையில் யாராவது நாற்காலி போட்டது அங்கே மட்டும்தான்.

மைனி வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லாரும் பீடி சுற்றுவோம். டேப்பில் புதுக் கேசட் ஓடும். குலவை வந்தால் பாக்கியத்தக்கா ஆரம்பித்துவிடுவார்.

"கேளுங்கட்டி, எவளோ ஒருத்தி. ஆட்டுக்குட்டி கழுத்தப் பிடிச்ச மாதிரி கத்துதா. இவளுக்குத்தான் நம்மள வெரட்டிட்டு நாற்காலி போட்டிருக்கான்."

"மூணும் ஒண்ணுபோல இருக்கு பாருங்கக்கா. மூச்சு எடுக்கவே மாட்டாளா?" என்று நானும் சேர்ந்துகொள்வேன்.

"நாசமாப் போவா" என்று காறித் துப்புவார் பாக்கியத்தக்கா.

மைனி ஒன்றும் சொல்ல மாட்டார்கள். குனிந்து இலை வெட்டிக்கொண்டே இருப்பார்கள். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற வாய் அது. அந்தக் குலவைக்கு மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவில்லை. இப்போது வேறெதுவும் என் நினைவில் ஓடவில்லை.

போன வருஷம் மைனிக்கு நெஞ்சில் சளி கட்டியது. பீடித் தூள் என்றார் டாக்டர். கொடைக்கு வந்தார்கள், ஆனால் குலவை விடவில்லை. "நீ தொடங்குட்டி. என்னால மூச்சுப் பிடிக்க முடியல" என்றார்கள். கடைசி மாதம் நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு நிற்பார்கள். அப்போதும் என் அண்ணனைப் பார்த்து, "இத்தன வருசம் கழிச்சு... ஒங்களுக்கு... பேச எடம் கெடச்சிருக்கு" என்று சொன்னார்கள். அண்ணன் சிரித்துவிட்டு, வெளியே போய் அழுதார்கள்.

மைனி போன ஐந்தாம் நாள் மேலத்தெருக் கோயிலில் கொடை. வேறு சமூகத்தார் கோயில், நாள் குறித்தாகிவிட்டது, தள்ளிவைக்க முடியாது. ஆனாலும் மரியாதை தெரிந்தவர்கள். எங்கள் வீட்டைப் பார்த்திருந்த ஒலிபெருக்கிக் குழாயை மைக்செட்டுக்காரரைச் சொல்லித் திருப்பிவைத்தார்கள். எங்கள் வீட்டில் பெண்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். மேலத்தெருவில் கேசட் போட்டார்கள். பாட்டுக்கு முன்னால் ஒரு குலவை வந்தது. மேளம் இல்லை, வேறு குரல் இல்லை. தனிக் குலவை.

பாக்கியத்தக்காவின் நாக்கு ஆடிவிட்டது. எழவு வீட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டு பாதிக் குலவை விட்டுவிட்டார். எங்கள் வீடுகளில் தீட்டுக் கழியும் வரை குலவை ஆகாது. அடுத்த நொடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏளா, கூறு கெட்டவளே!" என்று பெரியமைனி சத்தம் போட்டார்கள்.

"நான் வேணும்னா செஞ்சேன்? அவிய விட்ட மாதிரி இருந்திச்சு மைனி... அவிய விட்டா நான் எடுத்து விடாம இருந்ததே கெடையாதே" என்று பாக்கியத்தக்கா அழுதார்.

வெளியே உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். தோள் துண்டு கீழே விழுந்தது தெரியவில்லை. "மாதிரி என்ன மாதிரி? அது அவளுல்லா" என்றார்கள்.

எனக்கும் அந்நேரமே தெரிந்துவிட்டது. கூட்டத்தில் விட்டதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் நம்பவில்லை. நாங்கள் நாலு பேரும் ஒரே மைக்கில்தான் விட்டிருக்கிறோம். மைனியின் குரல் அங்கே தனியாக ஒருநாளும் இருந்ததில்லை. இது தனியாக இருந்தது. தனியாக யாரோ பிடித்திருக்கிறார்கள். எப்போது?

தீட்டோடு வெளியூர் போகாதே என்று வீட்டில் தடுத்தார்கள். ஒன்பதாம் நாள் போனேன். தனராஜ் அண்ணாச்சிக்குச் சேதி தெரிந்திருந்தது. நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"எங்க மைனி குலவைய எங்கன வச்சிருக்கீய?"

அவர் எழுந்து கண்ணாடி அறையைத் திறந்தார். பிறகு கீபோர்டைத் தட்டிவிட்டு ஒரு கட்டையை அமுக்கினார். மைனி குலவை விட்டார்கள். பக்கத்துக் கட்டையை அமுக்கினார், அதே குலவை கொஞ்சம் மெலிந்து ஒரு சின்னப் பெண்ணைப் போல வந்தது. எங்கள் வாசலில் ஆட்டுக்குட்டி என்று நாங்கள் ஏசிய குரல் அதுதான். நாலு கட்டையைச் சேர்த்து அமுக்கினார். நாலு பெண்கள் விட்டார்கள். நானும் பாக்கியத்தக்காவும் செல்லம்மாவும் நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் மைனியே நின்றார்கள்.

"ஏமாத்தி எடுத்தீயளா?"

"மாரியம்மா, சாமி சத்தியமா இல்ல. நீங்க நாலு பேரும் கடைசியா வந்துட்டுப் போன பிறகு வடிவம்மா இங்கன தனியா வந்தாவ. மூச்சு எளைக்குன்னு ஆஸ்பத்திரிக்கு வந்தேன், அப்பிடியே வந்தேன்னு சொன்னாவ. தனியா நாலஞ்சு குலவை வேணும்னு கேட்டேன். சரின்னு அவியளே துணியக் கட்டிக்கிட்டு உக்காந்து விட்டாவ."

"இதுக்குள்ள வைக்கப் போறோம், இனிமே ஒங்க யாரும் வேண்டாம்னு சொன்னீயளா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறேன்னு சொன்னேன். சொன்னதாத்தான் நெனைக்கேன்."

"அதுக்கு என்ன அர்த்தம்னு சொன்னீயளா?"

"அன்னிக்கு எனக்கே முழுசாத் தெரியாதும்மா."

அழித்துவிடச் சொன்னேன். இங்கே அழிக்கலாம், ஆனால் பிளாப்பியில் மதுரைக்கும் சென்னைக்கும் கொடுத்தாகிவிட்டது, அங்கிருந்து யார் யாரிடம் போயிற்றோ தெரியாது என்றார். அவர் இளைத்துத்தான் இருந்தார். கேசட்டே இனி ஓடாது, எல்லாம் அந்த மினுங்குகிற தட்டுக்குப் போகிறது, அதையும் ஆளாளுக்கு நகல் எடுக்கிறார்கள் என்று அவர் கவலையைச் சொன்னார். எனக்கு அதைக் கேட்க மனமில்லை.

"ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டர் எல்லாம் கெட்டுப் போகும்னு சொல்லுதாவளே. அப்ப மைனியோடதும் போயிருமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கீபோர்டுக்கு வருசம் கெழமை ஒண்ணும் தெரியாதும்மா."

அந்நேரம் கீழே யாரோ கூப்பிட்டு அவர் இறங்கிப் போனார். நானும் அந்தக் கீபோர்டும் மட்டும் இருந்தோம். அவர் அமுக்கிய கட்டை எது என்று பார்த்துவைத்திருந்தேன். ஒரு விரலை அதன்மேல் வைத்தேன். மைனி குலவை விட்டார்கள். விரலை எடுக்காமல் வைத்திருந்தேன். குலவை நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. நாலு வார்த்தைக்கு மூச்சு வாங்கியவர்கள், என் விரல் அங்கே இருக்கிற வரை மூச்சே வாங்கவில்லை. மூன்று என்ற கணக்கும் இல்லை. எனக்கு நாக்கு எழும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். என்னால் விரலை எடுக்கவும் முடியவில்லை. எடுத்தால் நிறுத்தியது நானாகிவிடுவேனே என்று பயமாக இருந்தது. படியில் அண்ணாச்சியின் காலடி கேட்டதும் எடுத்துவிட்டேன்.

பாக்கியத்தக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இதை வாசிக்கும்போதுதான் அவருக்கும் தெரியும். அவர் மைனிமேல் கோபப்பட்டால் நான் தடுக்க மாட்டேன். கோபப்படாமல் அழுதாலும் தடுக்க மாட்டேன்.

போய்வாருங்கள் மைனி. உங்களைப் போல் ஒரு ஆளை எங்கள் வீட்டுக்கு அனுப்பிய சாத்தான்குளத்து மண்ணுக்குக் கும்பிடு. மூச்சு போய்க்கொண்டிருக்கிறது, குரலாவது எங்கேயாவது இருக்கட்டும் என்று நினைத்துக் கொடுத்திருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்ன ஏது என்று தெரியாமல் கொடுத்திருந்தாலும் இல்லை. ஆனால் வாசலில் உட்கார்ந்து நாங்கள் அந்தக் குலவையை ஏசியபோது தலை நிமிராமல் இலை வெட்டினீர்களே. எங்கள் மூன்று பேரையும் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்துதான் அன்றைக்கு அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்தீர்களா, மைனி?